பழி வால்வின் மேல்

பழைய ரேடியோ விற்கிற கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். “செட்டு நல்ல செட்டு சார். ஒரு வால்வு போயிருக்கும், அவ்வளவுதான். மாத்தினா பாடும்.” காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளை விட்டு வெளியேறிய மரத்தூண்கள், எனாமல் அடுக்குகள், பீங்கான் சாடிகளுக்கு நடுவே தூசி படிந்து உட்கார்ந்திருக்கும் மரப்பெட்டி ரேடியோக்களுக்கும் இதே சிபாரிசுதான். புதுக்கோட்டையிலிருந்து அந்தத் தெரு ஒரு மணி நேரப் பஸ் பயணம். மாவட்டத்துக்குள்ளேயே ராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி என்று நகரத்தார் ஊர்கள் வரிசையாக இருப்பதால், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பரணைத் துழாவும்போதும் இப்படி ஒரு பெட்டி அகப்படுவதுண்டு.

வாங்கியவர் வால்வைத் தேடி அலைவார். சென்னை ரிச்சி தெருவரை ஆள் விட்டு ஒன்றைப் பிடித்துவந்து சொருகி, பிளக்கைப் போடுவார். செட்டு பாடாது, புகைதான் வரும். வால்வு ரேடியோவுக்கு உயிர் கொடுப்பதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்பவர் முதலில் மறக்க வேண்டியது அந்தக் கடைப் பேச்சைத்தான். அரை நூற்றாண்டு ஓடாமல் கிடந்த செட்டில் வால்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது அதைச் சுற்றியுள்ள காகிதமும் மெழுகும் ரசாயனப் பசையும்.

காரணம் வால்வின் அமைப்பிலேயே இருக்கிறது. கண்ணாடிக் குழலுக்குள் காற்று கிடையாது. நடுவில் கத்தோடு என்கிற ஒரு மெல்லிய நிக்கல் குழாய். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு பூச்சு. உள்ளே ஓடும் ஹீட்டர் கம்பி அதை 750 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க, பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, வெளியே நேர் மின்னழுத்தத்தில் நிற்கும் ஆனோடுத் தகட்டை நோக்கி ஓடுகின்றன. 1904-இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் செய்த வால்வில் சூடான இழையும் தகடும் மட்டும்தான் இருந்தன. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கம்பிச் சுருளை நுழைத்தார். அதுதான் கிரிடு. கண்மாய் மடையில் பலகையை விரலளவு ஏற்றி இறக்கினால் வாய்க்கால் முழுவதும் தண்ணீர் கூடிக் குறைகிற மாதிரி, கிரிடில் ஒரு வோல்ட் ஏறி இறங்கினால் ஆனோடு மின்னோட்டம் பெரிதாக மாறும். ஒலிபெருக்கம் என்பது இதுதான்.

மின்சாரம் இல்லாத வால்வுக்குள் எதுவும் நடப்பதில்லை. ஈரம் போகாது, பூச்சி போகாது, ஆக்சிஜன் போகாது. உள்ளே மிஞ்சியிருக்கும் துளி வாயுவையும் விழுங்கிக்கொள்ள, தயாரிக்கும்போதே குழலின் உச்சியில் பேரியத்தை ஆவியாக்கிப் படியவைத்திருப்பார்கள். குழலின் உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கரு வெள்ளித் திட்டு அதுதான். கடையில் வால்வு வாங்குபவர் பார்க்க வேண்டிய முதல் இடமும் அதுவே. வெள்ளி வெள்ளியாகவே இருந்தால் வெற்றிடம் கெடவில்லை. பால் மாதிரி வெளுத்திருந்தால் கண்ணாடியில் எங்கோ மயிரிழை விரிசல் வழியாகக் காற்று புகுந்து பேரியத்தைத் தின்றுவிட்டது. அந்த வால்வை இனி அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

வால்வுக்கும் தேய்மானம் உண்டு, ஓடிய செட்டில். அதிக மின்னோட்டம் தாங்கும் ரெக்டிபயர் வால்வும் அவுட்புட் வால்வும் முதலில் களைக்கும். ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டதைப் பச்சை ஒளியால் காட்டும் மேஜிக் ஐ, அதற்கும் முன்பே மங்கிவிடும். மற்றவை பல ஆயிரம் மணி நேரம் அசராமல் உழைக்கக்கூடியவை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தனை செட்டுகள் எப்படிச் சேர்ந்தன? கடல் கடந்து வணிகம் செய்த குடும்பங்கள் ஒரு காரணம். இன்னொன்று திருச்சி. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1939 மே மாதம், திருச்சிராப்பள்ளி நிலையம் வந்துவிட்டது. அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. தஞ்சை மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு 1974 பொங்கல் சமயத்தில் தனி மாவட்டமானது. ஆட்சி எதுவானாலும் காதுக்குத் தலைநகரம் திருச்சிதான். 1960-களின் நடுவில் ஆடுதுறை-27 என்ற குறுகிய கால நெல்லைத் திருச்சி நிலையத்தின் விவசாய ஒலிபரப்பு பரப்பிய வேகத்தைப் பார்த்து, காவிரிப் பாசனப் பகுதியில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் கொழும்பு. 1950-களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்தபோது, உலகப்போரில் பிரிட்டிஷ் படைகளுக்காக அமைத்த சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பியைக் கையில் வைத்திருந்த இலங்கை வானொலி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. விவிதபாரதி 1957-இல் வந்த பிறகும் அந்தப் பிடி லேசில் விடவில்லை. ஆகவே, இங்கே கிடைக்கும் செட்டுகளில் பேண்டு சுவிட்சைத் தொட்டுப் பார்த்தால் நடுவலைக்கு ஈடாகச் சிற்றலைப் பக்கமும் தேய்ந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

செட்டின் வயதைக் கணிப்பது தனி சுவாரஸ்யம். ரேடியோ வைத்திருக்க ஒரு காலத்தில் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். 1980-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. ஸ்டாம்பு ஒட்டிய அந்த லைசென்ஸ் புத்தகம் செட்டோடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் வால்வைப் படிக்க வேண்டும். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பிலிப்ஸ் கூட்டுறவோடு 1961-இல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. ‘பெல்’ முத்திரை பதித்த வால்வே எல்லாச் சாக்கெட்டிலும் இருந்தால் செட்டு அதற்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். கோவையில் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இலேயே அறிவித்தவர். ஆனாலும் நம் பரண்களை நிரப்பியவை பிலிப்ஸ், மர்பி, புஷ், ஜிஇசி, நேஷனல் எக்கோ போன்ற பெரிய கம்பெனிப் பெட்டிகள்தான்.

வால்வின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளுக்கும் இலக்கணம் உண்டு. இசிஎச்81 என்றால், முதல் எழுத்து ‘இ’ ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்று சொல்கிறது. ‘சி’ டிரையோடு, ‘எச்’ ஹெப்டோடு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு. முதல் எழுத்து ‘யு’வாக இருந்தால் ஹீட்டருக்கு 100 மில்லி ஆம்பியர் மின்னோட்டம். இந்த ஒரு எழுத்தைப் பார்க்காமல் செட்டின் உள்ளே கைவிட்டவர்கள் வாங்கிய ஷாக்குக்கு அளவில்லை.

விஷயம் இதுதான். டிரான்ஸ்பார்மர் விலை கூடுதல் என்பதால், மலிவு செட்டுகளில் அதை எடுத்துவிட்டு வால்வு ஹீட்டர்களை எல்லாம் வரிசையாகக் கோத்து நேரே மெயினில் மாட்டினார்கள். யுசிஎச்81-க்கு 19 வோல்ட், யுபிஎஃப்89-க்கு 19, யுசிஎல்82-க்கு 50, யுஒய்85-க்கு 38. கூட்டினால் 126. வருவது 230. மிச்சம் 104 வோல்ட்டை ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸ் 10 வாட் வெப்பமாக எரித்துத் தீர்க்கும். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் என்பது அதன் பெருமை. விலை என்ன? மெயினின் ஒரு கம்பி நேரே சேசிஸில் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் உலோகச் சட்டம் முழுவதும் ஃபேஸ். குமிழ்களின் திருகாணித் துளையை மெழுகால் அடைத்திருப்பது அழகுக்காக இல்லை; விரல் பட்டால் ஆள் போய்விடுவான் என்பதற்காக. மெழுகைச் சுரண்டித் திருகைக் கழற்றியவர் திரும்ப அடைத்தே ஆக வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் செட்டிலும் ஆபத்து குறைவில்லை. உள்ளே 250 முதல் 300 வோல்ட் டிசி ஓடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் தங்கும். அதை ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை போக வேண்டும். ஓடும் செட்டில் அளக்கும்போது இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்வது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். இரண்டு கையும் தொட்டால் மின்னோட்டம் நெஞ்சு வழியாகப் போகும்.

இனி புகைக்கு வருவோம். மெயினிலிருந்து வரும் மின்சாரத்தை ரெக்டிபயர் வால்வு ஒரே திசைக்குத் திருப்பினாலும் அது நொடிக்கு 100 முறை துடித்துக்கொண்டிருக்கும். துடிப்பைச் சமன் செய்பவை தகர உருளை வடிவில் நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள். உள்ளே சுருட்டிய அலுமினியத் தாள். அதன் மேல் ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்குமா என்கிற தடிமனில் ஆக்சைடு படலம். 300 வோல்ட்டைத் தடுத்து நிறுத்துவது அந்தப் படலம்தான். ஓடும்போது மின்னழுத்தமே படலத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் கிடந்தால் அது கரைந்து மெலியும், பசையும் காயும். புதுக்கோட்டை வெயிலில் ஓட்டுக்கூரைக்கு அடியில் கிடந்த பரண் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட கண்டன்சரில் திடீரென்று 300 வோல்ட் விழுந்தால் அது கிட்டத்தட்ட ஷார்ட். முதலில் பலியாவது ரெக்டிபயர் வால்வு, அடுத்தது டிரான்ஸ்பார்மர். கண்டன்சர் புதிதாகக் கிடைக்கும்; அந்த டிரான்ஸ்பார்மர் கிடைக்காது, ஆள் வைத்துச் சுற்றித்தான் வாங்க வேண்டும்.

இதற்கு ஒரு மலிவான காவல் சீரிஸ் பல்ப். செட்டுக்குப் போகும் கம்பியில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக மாட்டுவது. செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்ப் முழுப் பிரகாசமாக எரியும். 60 வாட் பல்ப் என்றால் கால் ஆம்பியருக்குச் சற்று மேல், அதைத் தாண்டி மின்னோட்டம் போகாது. செட்டு சரியாக இருந்தால் பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கும். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் இந்த வித்தை பலிக்கிறது. எல்இடி பல்ப் இதற்கு உதவாது. குண்டு பல்ப் கண்ட இடத்தில் நாலு வாங்கி வைப்பது நல்லது, அதுவும் பழம்பொருளாகிக்கொண்டிருக்கிறது.

அடுத்த குற்றவாளி இன்னும் நயவஞ்சகமானது. அவுட்புட் வால்வின் கிரிடுக்கு முன்னால், மெழுகு தோய்த்த காகிதத்தில் சுருட்டிய ஒரு சிறு கண்டன்சர் இருக்கும், மதிப்பு 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட். முந்தைய வால்வின் ஆனோடில் இருக்கும் 90 வோல்ட் டிசியைத் தடுத்து, பாட்டை மட்டும் கிரிடுக்கு அனுப்புவது அதன் வேலை. காகிதம் ஈரம் குடித்தால் கசியும். கசிவு மிகச் சிறியது, 10 மெகாஓம் தடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டரில் வைத்தால் நல்ல கண்டன்சர் என்றுதான் தோன்றும். ஆனால் கிரிடிலிருந்து சேசிஸுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ் 0.68 மெகாஓம். கணக்குப் போட்டால் கிரிடில் 5.7 வோல்ட் நேர் மின்னழுத்தம் வந்து உட்காரும். இஎல்84 மாதிரியான வால்வு மட்டுப்பட்டு ஓடுவதற்கு அதன் கிரிடு, கத்தோடைவிட ஏழு வோல்ட் அளவுக்குக் கீழே நிற்க வேண்டும். கசிந்த ஐந்தே முக்கால் வோல்ட் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. ஆனோடு மின்னோட்டம் எகிறும், விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் தகடு செக்கச்செவேலென்று சிவந்திருக்கும், பாட்டு கரகரக்கும், சில நாளில் வால்வு போகும்.

மெக்கானிக் வருவார், புது வால்வு போடுவார், செட்டு பாடும். சில மாதத்தில் அதுவும் போகும். “இந்த செட்டு வால்வு தின்னுது” என்ற பேச்சு வீடுகளில் உலவியது இப்படித்தான். தின்றது ஒரு காகிதக் கண்டன்சர். இன்று அந்த இடத்தில் 630 வோல்ட் தாங்கும் பாலியஸ்டர் கண்டன்சர் ஒன்றை ஈயம் வைத்தால் தீர்ந்தது. செலவு ஒரு டீக்காசு. செட்டில் உள்ள காகிதக் கண்டன்சர்களை ஒன்றுவிடாமல் மாற்றிவிடுவதே உசிதம். பழமை கெடக்கூடாது என்று நினைப்பவர்கள் பழைய மெழுகுக் குழாயைச் சூடாக்கி உள்ளே இருப்பதை உருவி எடுத்து, புதுக் கண்டன்சரை அதற்குள் ஒளித்து மெழுகால் மூடுகிறார்கள். உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் நாளைக்குச் செட்டைத் திறக்கும் மெக்கானிக்கை ஏமாற்றும் வேலை அது. கழற்றியதை ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைத்தால் அதைவிட உபகாரம்.

கடலோரத்துச் செட்டுகளுக்கு வேறு வியாதி. மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் உப்புக் காற்று. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்று தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி. அதில் எப்போதும் 250 வோல்ட் நேர் மின்னழுத்தம் நிற்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்பகுப்பு நடந்து, ஒரு புள்ளியில் பச்சைக் களிம்பு பூத்துக் கம்பி அறுந்துவிடும். வால்வெல்லாம் எரியும், ஸ்பீக்கரில் சத்தமே இருக்காது. உள்நாட்டுக் கிராமங்களில் எலி ஸ்பீக்கர் கூம்பையும் துணியையும் கடிக்கும், கரையான் பெட்டியின் அடிப்பலகையை அரிக்கும். துணிக்கும் பலகைக்கும் மாற்று உண்டு. மாற்றே இல்லாதது டயல் கண்ணாடி. ஊர்ப்பெயர்களும் மீட்டர் எண்களும் அதன் பின்பக்கம் அச்சிட்டிருக்கும். ஈரத்துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தால் எல்லா ஊரும் துணியோடு வந்துவிடும். முன்பக்கம் மட்டும் துடைக்க வேண்டும், பின்பக்கம் மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

கண்டன்சர்கள் மாறின, மின்னழுத்தங்கள் சரி. திருச்சி எங்கே? நடுவலையில் 936 கிலோஹெர்ட்ஸ், மீட்டர் கணக்கில் 320.5. முள்ளை அங்கே கொண்டுபோகும்போது உள்ளே நடப்பது அழகான ஒரு கழித்தல் கணக்கு. இசிஎச்81-இன் டிரையோடு பாதி, செட்டுக்குள்ளேயே 1391 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. ஏரியலில் வந்த 936-ஐயும் இதையும் ஹெப்டோடு பாதி கலக்க, இரண்டின் வித்தியாசமான 455 பிறக்கிறது. சென்னையின் 720-க்குத் திருப்பினால் உள் அலை 1175-க்கு நகரும். வித்தியாசம் மறுபடியும் 455. எந்த ஸ்டேஷன் ஆனாலும் ஒரே அலைக்கு மாற்றிவிட்டால், பெருக்குகிற சுற்றுகளை அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் கூர்மையாகச் சுருதி சேர்த்துவைக்கலாம். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் முதல் உலகப்போரின் கடைசி வருடமான 1918-இல் கண்ட வழி இது. சேசிஸில் வரிசையாக நிற்கும் அலுமினிய டப்பிகளுக்குள், ஐஎஃப்டி என்று மெக்கானிக்குகள் சொல்லும் சுருள்கள் அந்த 455-க்கே காத்திருக்கின்றன. புதிதாக இந்த வேலைக்கு வருபவர் கை நமைச்சலில் அதன் திருகைத் திருப்பிவிடுவதுண்டு. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

முள் சரியாக நின்றும் சத்தம் குறைவு என்றால் தவறு செட்டில் இல்லாமல் மண்ணில் இருக்கலாம். 320 மீட்டர் அலைக்கு முறையான கால் அலை ஏரியல் 80 மீட்டர் நீளம் வேண்டும். வீட்டில் அது நடக்காது. ஆகவே சுவருக்குச் சுவர் கட்டிய செம்பு வலை நாடாவோ மாடியில் இழுத்த கம்பியோ பாதி வேலை செய்ய, மீதியை எர்த் செய்தது. நார்த்தாமலை, சித்தன்னவாசல் பக்கம் அடியில் கருங்கல், மேலே செம்மண். கோடையில் அந்த மண் மின்சாரத்தைக் கடத்துவது மிகக் குறைவு. உப்பும் கரியும் கொட்டிய எர்த் குழியில் தண்ணீர் ஊற்றியதும் ரேடியோ தெளிந்ததற்குக் காரணம் இதுதான். கடலோரத்தில் நிலைமை தலைகீழ். கடல்நீர் வறண்ட நிலத்தைவிட ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். நிலத்தை ஒட்டித் தவழும் நடுவலை அதன் மேல் அதிகம் தேயாமல் வெகுதூரம் போகும். மணமேல்குடியிலிருந்து யாழ்ப்பாணம் பாக் நீரிணைக்குக் குறுக்கே 100 கிலோமீட்டருக்குள். இலங்கை நடுவலை பட்டப்பகலிலும் அந்தக் கரையை எட்டுவதில் மர்மம் ஒன்றுமில்லை. உள்நாட்டில் இருப்பவர்கள் பொழுது சாயக் காத்திருக்க வேண்டும். பகலில் நடுவலையை விழுங்கும் அயனி மண்டல அடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்து, மேலடுக்கில் பட்ட அலை திரும்பி வரும்.

இன்றைய எதிரி வேறு. எல்இடி பல்ப், போன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று வீட்டில் உள்ள ஸ்விட்சிங் மின்சுற்றுகள் எல்லாம் நடுவலைப் பகுதி முழுக்க இரைச்சலைக் கொட்டுகின்றன. செட்டைப் பழுதுபார்த்து முடித்தவர் கேட்பது பல நேரம் பக்கத்து வீட்டுச் சார்ஜரைத்தான். தப்பிக்க விரும்புபவர்கள் பழைய செட்டின் முதுகில் கிராமபோனுக்காக விட்டிருக்கும் பிக்கப் சாக்கெட்டில் போனை இணைத்துப் பாட்டு கேட்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டில் மட்டும் செய்யலாம். ‘யு’ வரிசைச் செட்டில் செய்தால் போனின் உறையும் பிடித்திருக்கும் கையும் மெயினோடு சேர்ந்துவிடும்.

மின்வெட்டு நேரத்தில் நடுவலை பளிங்காக இருக்கும், மெயின் செட்டுதான் ஓடாது. அதற்குப் பொருத்தமானது மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காகச் செய்த பேட்டரி வால்வு செட்டு. டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96 என்று நாலு வால்வு. இழைகள் நாலுக்கும் சேர்த்து 1.4 வோல்ட்டில் 125 மில்லி ஆம்பியர் போதும். ஆனோடுக்கு வேண்டிய 90 வோல்ட் பேட்டரி இப்போது கடையில் கிடைப்பதில்லை. பத்து 9 வோல்ட் பேட்டரிகளை ஒன்றின் தலையில் இன்னொன்றாகக் கோத்து அதைச் செய்துகொள்கிறார்கள். இழைக்கு ஒரு டார்ச் செல். இரண்டு இணைப்பையும் மாற்றிக் கொடுத்துவிடாமல் சிவப்பு, கறுப்புக் கம்பியை இருமுறை பார்க்க வேண்டும். 90 வோல்ட் இழையில் பாய்ந்தால் நாலு வால்வும் ஒரே நேரத்தில் போய்விடும்.